ஐடா ஸ்கடர்: ஒரே இரவில் 3 பெண்கள் மரணம்... வேலூர் சிஎம்சி பிறந்த கதையும், இதய வால்வு சிகிச்சைக்குப் பெண்கள் இன்றும் தாமதமாக வருவதும்!

திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது இதய வால்வில் பிரச்னை என்று சொல்லிவிட்டால், ஸ்டான்லி, ஜிஹெச் என்ற பெயர்களுக்கு அடுத்து அடிபடும் பெயர் வேலூர் சிஎம்சி. பஸ் ஏறியோ ரயில் பிடித்தோ அங்கே போய் வந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

அந்த ஆஸ்பத்திரி முதலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே தொடங்கப்பட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத் தொடங்கியவர், ஒரு காலத்தில் டாக்டராகவே விரும்பாத ஒரு இளம்பெண். மனசை மாற்றியது ஒரே ஒரு இரவு.

அந்த இரவில் எழுந்த கேள்வி, இன்றைக்கு இதய வால்வு சிகிச்சையிலும் வேறு வடிவத்தில் எழுகிறது. சிகிச்சை இருக்கிறது. ஆனா பெண்கள் அதைத் தொடும்போது ஏன் இவ்வளவு தாமதமாகிவிடுகிறது?

யார் இந்த ஐடா ஸ்கடர்?

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்கக் குடும்பம்தான், ஆனா தமிழ் மண்ணோடு அதற்கு மூன்று தலைமுறைப் பழக்கம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தவர். பிறகு 1836-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் பலரும் இங்கேயே மிஷனரிகளாக ஊழியம் செய்தார்கள். ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான், அவர் பெயரும் ஜான் ஸ்கடர்.

சிறுமியாக இருந்தபோதே 1876-78 காலத்துப் பெரும் பஞ்சத்தை ஐடா கண்ணால் பார்த்தார். பசியில் வாடிய குழந்தைகள் அவர் மனசில் ஆழமாகப் பதிந்தார்கள். பிறகு அமெரிக்கா போய், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டில் படித்தார். இந்தியா, பஞ்சம், நோய், மிஷன் வேலை எதுவும் தனக்கு வேணாம் என்பதுதான் அப்போது அவருடைய முடிவு. அமெரிக்காவிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு வசதியாக வாழ வேண்டும் என்று நினைத்தார்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. கொஞ்ச காலம் கூட இருந்து பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான், பெற்றோர் இருந்த திண்டிவனத்துக்கு வந்தார்.

அந்த ஒரு இரவில் என்ன நடந்தது?

ஒரு நாள் இரவு திண்டிவனம் பங்களாவின் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். அவருடைய மனைவி சின்னப் பெண். பிரசவ வலியில் துடிக்கிறாள், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், உடனே வர வேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துவருகிறேன் என்று ஐடா சொல்ல, இளைஞர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் ஒருவர் மனைவியைப் பார்ப்பதை அவர் வீட்டு வழக்கம் அனுமதிக்காது.

சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல், அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்றாவதாக வந்தவர் இன்னொரு உயர்சாதி இந்து. அதே வேண்டுகோள், அதே மறுப்பு.

அன்றிரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் சாவு மேளச் சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோனது தெரியவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் டாக்டர் இல்லாமல் இல்லை, பக்கத்து அறையிலேயே இருந்தார். மூன்று கணவர்களும் மனைவியைக் காப்பாற்றத்தான் ராத்திரியில் ஓடி வந்தார்கள். இருந்தும் அந்தச் சிகிச்சை மூன்று பெண்களில் ஒருவரைக்கூடப் போய்ச் சேரவில்லை.

பெண்களுக்கு மருத்துவம் பார்க்க, தானே டாக்டராவது என்று ஐடா பெற்றோரிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

டாக்டராகத் திரும்பி வந்த ஐடா

1895-ல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார்.

ஊர் திரும்புவதற்கு முன்பு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்துசேர்ந்தார். அப்பாவிடம் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்ற நினைப்பு நிறைவேறவில்லை. சில மாதங்களிலேயே அப்பா காலமானார். வேலூரில், பங்களாவின் ஒரு சின்ன அறையில், ஒற்றைப் படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார் ஐடா.

முதலில் யாரும் நம்பி வரவில்லை. புது டாக்டர், அதிலும் பெண், அதிலும் வெள்ளைக்காரர். மெல்ல மெல்லத்தான் கூட்டம் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்துவிட்டார். 1902-ல் மேரி டேபர் ஷெல் நினைவு ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரி அது.

மரத்தடிக்கே வந்த ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரி கட்டியாச்சு. அப்படியும் கிராமத்துப் பெண்கள் கடைசி நேரத்தில்தான் வந்தார்கள். வீட்டு வேலை, பிள்ளைகள், மாடு கன்று, வண்டிக்கூலி, வீட்டு ஆண்களின் அனுமதி எல்லாம் முடிந்து அவர்கள் வந்துசேர்வதற்குள் நோய் முற்றிவிடும்.

நோயாளி வரவில்லையென்றால் டாக்டர் போவது என்று ஐடா முடிவெடுத்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடிகளில் நின்று மருந்து கொடுக்க ஆரம்பித்தார். முதலில் மாட்டுவண்டிப் பயணம், 1909 முதல் பெஜோ மோட்டார் கார். நாள் தவறாமல் வருகிறார் என்று தெரிந்ததும் சனங்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

அதே 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது.

இதே காலத்தில் வடசென்னையிலும் இதே மாதிரி ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து 1888-ல் சென்னைக்கு வந்த டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில், பெண்களுக்குத் தன் பங்களாவிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கியவர். அந்த முயற்சிதான் 1914-ல் ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆண் டாக்டரிடம் போக முடியாத பெண்களின் சிக்கல் வேலூருக்கு மட்டும் உரியதாக இல்லை.

பெண்களே டாக்டர்களானால்?

தான் ஒருத்தி எத்தனை மரத்தடிக்குப் போக முடியும் என்ற கேள்வி ஐடாவை விடவில்லை. இந்தியப் பெண்களையே டாக்டர்களாக்க வேண்டும் என்று 1918 ஆகஸ்டில் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். எல்எம்பி என்ற டிப்ளமா படிப்பு அது.

மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிசு என்றுதான் மாகாண மருத்துவத் துறை அதிகாரி நினைத்தார். வந்தது 151. முதல் தேர்வை எழுதிய வேலூர் மாணவிகள் எல்லோருமே தேர்ச்சி பெற்றார்கள். அந்தத் தேர்வில் மாகாணத்தின் ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறியிருந்தார். 1922-ல் 14 பெண்கள் படிப்பை முடித்து டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

1930-களின் பிற்பகுதியில் பெரிய சோதனை. இனி டிப்ளமா போதாது, எம்பிபிஎஸ் பட்டப்படிப்புதான் வேண்டும் என்று சென்னை மாகாண அரசு விதி கொண்டுவந்தது. அதற்குத் தேவையான பேராசிரியர்கள், படுக்கைகள், ஆய்வகங்கள் வேலூரிடம் இல்லை. எழுபது வயதை ஒட்டிய ஐடா மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார்.

கல்லூரி பிழைக்க வேண்டுமென்றால் ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, பல ஆண்டுகள் தோள் கொடுத்த நண்பர்கள் சிலரே எதிர்த்தார்கள். பெண்களுக்காக என்று சொல்லித் திரட்டிய பணம் ஆச்சே என்பது அவர்கள் வாதம். ஐடாவுக்கும் எளிதான முடிவு இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பின்னர் டாக்டர் ஹில்டா லாசரஸ் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார்.

வேலூரில் திறந்த இதயக் கதவு

ஓய்வுக்குப் பிறகு ஐடா கொடைக்கானலில் வசித்தார். டென்னிஸ் பிரியர், வயதான பிறகும் மட்டையை விடவில்லை. அவர் தொடங்கிய ஒற்றைப் படுக்கை வைத்தியசாலை அந்த ஆண்டுகளில்தான் நாட்டின் முக்கிய அறுவை சிகிச்சை மையமாக மாறிக்கொண்டிருந்தது.

1940-களின் இறுதியில் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ரீவ் பெட்ஸ் வேலூருக்கு வந்து நெஞ்சு அறுவை சிகிச்சைத் துறையை உருவாக்கினார். 1950-களில் அங்கே மைட்ரல் வால்வு ஆபரேஷன்கள் நடந்தன.

மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு. சிறுவயதில் தொண்டைப் புண்ணாக வரும் ஒரு பாக்டீரியா தொற்று, சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இந்தக் கதவைத் தாக்குகிறது. ஆண்டுகள் போகப் போக இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டி, வழி சுருங்கிவிடும். ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறி, மூச்சு வாங்கும்.

அன்றைய ஆபரேஷனில், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை நிறுத்தாமலே விரலையோ கருவியையோ உள்ளே விட்டு ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார்கள். 1980-களில் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே, தொடைப்பக்க ரத்தக் குழாய் வழியாக பலூனை அனுப்பி அதே வேலையைச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது விலா எலும்புகளுக்கு நடுவே சிறு வெட்டு போட்டு வால்வைச் சரிசெய்யும் முறையும், ஒழுகும் வால்வுக்கு கிளிப் மாட்டும் முறையும் உண்டு.

ருமாட்டிக் மைட்ரல் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெண்களுக்காக ஐடா தொடங்கிய இடத்தில் நடந்த அந்த ஆபரேஷன்கள், பெண்களை அதிகம் தாக்கும் ஒரு நோய்க்கானவை.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். வயது 89. சில காலத்திலேயே, டாக்டர் என்.கோபிநாத் உள்ளிட்டோரின் உழைப்பில் வேலூரில் திறந்த இதய அறுவை சிகிச்சையும் தொடங்கியது. 2000-ல் ஐடாவுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

பெண்களுக்கு மட்டும் ஏன் முடிவு வேறு மாதிரி?

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை மைட்ரல் வால்வு ஆபரேஷன் செய்துகொண்ட 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஆராய்ந்தார்கள். பெண்களுக்கு வால்வை ரிப்பேர் செய்வது குறைவாகவும், மாற்றிவிடுவது அதிகமாகவும் இருந்தது. ஆபரேஷனை ஒட்டிய மரணங்களும் பெண்களிடம் அதிகம். ரிப்பேர் செய்துகொண்ட ஆண்களின் ஆயுள், அதே வயதுடைய மற்ற ஆண்களின் ஆயுளுக்குச் சமமாகத் திரும்பியது. பெண்களுக்கு அப்படித் திரும்பவில்லை.

இதற்குக் காரணம் என்ன?

* பெண்கள் ஆபரேஷனுக்கு வரும்போதே நோய் முற்றியிருக்கிறது. மூச்சு வாங்குவதை வேலைக் களைப்பு, ரத்தசோகை, வயசு என்று வீட்டிலும், சில நேரம் கிளினிக்கிலும் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.

* வால்வு ஒழுகுபவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் ஆபரேஷன் தேவை என முடிவெடுக்க, இடது கீழறை சுருங்கும்போது 40 மில்லிமீட்டர் என்ற அளவைப் பார்க்கிறார்கள். ஆண், பெண் இருவருக்கும் ஒரே கோடு. பெண்ணின் இதயம் இயல்பிலேயே சிறியது என்பதால், அந்த அளவைத் தொடும்போது அவருக்குப் பாதிப்பு கூடுதலாகவே நடந்திருக்கும்.

* ருமாட்டிக் நோயால் தடித்து, சுண்ணாம்பு படிந்த வால்வை ரிப்பேர் செய்வது கடினம்.

* பெண்களின் ரத்தக் குழாய்கள் மெல்லியவை. தொடை வழியாகச் செய்யும் சிகிச்சைகளில் குழாய் காயம், ரத்தக்கசிவு பெண்களுக்குச் சற்று அதிகம்.

அப்போ சிறு துளை சிகிச்சை பெண்களுக்கு ஒத்துவராதா? அப்படி இல்லை. அயோர்ட்டிக் வால்வு என்ற இன்னொரு வால்வு சுருங்கிய 443 பெண்களை மட்டும் வைத்து ரியா என்ற ஐரோப்பிய ஆய்வு நடந்தது. 2024-ல் முடிவு வந்தது. மரணம், பக்கவாதம், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று ஓராண்டுக்குள் நேர்ந்தவர்கள், ரத்தக் குழாய் வழியாக வால்வு வைத்துக்கொண்டவர்களில் 8.9%. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 15.6%. இது ரிப்பேர் இல்லை, வால்வு மாற்றும் சிகிச்சை. இருந்தாலும் சரியான நோயாளிக்குச் சரியான முறையைத் தேர்ந்தெடுத்தால் பெண்களுக்கும் நல்ல பலன் கிடைக்கும் என்பதை இது காட்டுகிறது. பெண்களைத் தனியாக வைத்து ஆராய்ந்ததால்தான் இது தெரியவும் வந்தது.

வடசென்னைக்கு இதில் என்ன இருக்கிறது?

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இதய நோயுள்ள கர்ப்பிணிகளை 2016 முதல் 2019 வரை பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள். அவற்றில் அதிகம் காணப்பட்டது ருமாட்டிக் இதய நோய்தான். பத்தில் ஆறு பேருக்கு, தங்களுக்கு இதய நோய் இருப்பதே கர்ப்பகாலத்தில்தான் முதல்முறையாகத் தெரியவந்தது.

சிறுவயதில் வந்த காய்ச்சல், இருபத்தைந்து வயதுப் பிரசவத்தின்போதுதான் வெளியே தெரிகிறது. கர்ப்பகாலத்தில் இதயம் வழக்கத்தைவிட 30 முதல் 50% அதிக ரத்தத்தைத் தள்ள வேண்டும். சுருங்கிய வால்வால் அது முடியாமல்போகும்போது மூச்சு முட்டுகிறது.

இதில் சீக்கிரம் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம்? இதழ்கள் இன்னும் மெல்லியதாக இருக்கும்போது பலூன் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தேவைப்பட்டால் கர்ப்பகாலத்திலேயே, பொதுவாக மூன்று மாதம் கடந்த பிறகு, அதைச் செய்ய முடியும். முற்றிவிட்டால் உலோக வால்வுதான் என்ற நிலை வரலாம். உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்க வேண்டும். அந்த மாத்திரை கர்ப்பத்தில் கருவுக்கும் ஆபத்து, நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து.

திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களிலும் லைன் வீடுகளிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் குடும்பங்கள் உண்டு. நெரிசலில் தொண்டைத் தொற்று ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குச் சுலபமாகப் பரவும். பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம், இதயத்துக்கு ஸ்டான்லி என்று அரசு ஆஸ்பத்திரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வால்வு ஆபரேஷன் உண்டு.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* பிள்ளைக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல், அதைத் தொடர்ந்து மூட்டு மூட்டாக மாறும் வலி, வீக்கம் இருந்தால். ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

* படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், ராத்திரியில் இருமல் வந்தால், சளியில் ரத்தம் தெரிந்தால்.

* மாடிப்படி ஏறினால், தண்ணிக் குடம் தூக்கினால் முன்பு இல்லாத அளவுக்குப் படபடப்பு, இளைப்பு வந்தால்.

* கர்ப்பிணிக்கு இவற்றில் எது இருந்தாலும், மாசமா இருந்தா அப்படித்தான் என்று விட்டுவிடாமல் எக்கோ பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும். எக்கோவில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

திண்டிவனத்தில் அன்றைக்கு மூன்று கணவர்களும் ஓடி வந்தார்கள். வழக்கம் அவர்களைத் தடுத்தது. இன்றைக்கு ஆண் டாக்டர் என்பதற்காகப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் போவதில்லை. ஆனா சமையல் முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், தம்பி கல்யாணம் முடியட்டும் என்று தன் இளைப்பைத் தள்ளிப்போடும் அம்மா எல்லா வீட்டிலும் இருக்கிறார். உங்க வீட்டிலும் இருந்தால், இந்த வாரமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.